கண்ணாடிக்குள் கிடப்பவள்

— இல்ல மார்சியாக் ஐயா, நான் நின்னுக்கறேன். கண்ணாடிக்குள்ள கிடக்கற இவ முன்னாடி உக்காந்து எனக்குப் பழக்கமில்ல. எங்க சனத்துக்கெல்லாம் மூத்தவ.

— ஒரு வாய் காப்பியாவது குடிங்க, ஒலெலியாம்மா.

— எத்தன வருஷமா இந்த எலும்பக் கேட்டு வந்து நிக்கிறேன். தண்ணி வேணுமான்னுகூட கேட்டதில்ல. இன்னிக்குக் காப்பியா? விஷயத்தச் சொல்லுங்க.

— மியூசியத்துலேருந்து இந்தக் கண்ணாடிப் பெட்டிய எடுத்துடலாம்னு இருக்கேன். பழங்குடி எலும்புன்னு பதிவாகியிருக்கு, உங்க சனத்தோட சபைத்தலைவி நீங்க. நீங்க சரின்னு சொல்லாம சட்டப்படி நான் தொட முடியாது.

— போன தடவ என்ன சொன்னீங்க? ‘ஸ்பானியன் தலைக்கவசத்தையும் பிரெஞ்சுக்காரன் பீரங்கியையும் எவன் பாப்பான், பிள்ளைங்க இந்த எலும்பப் பாக்கத்தான் வருதுங்க’ன்னீங்க. சிரிச்சுக்கிட்டே சொன்னீங்க.

— சொன்னேன்.

— சரி, போகட்டும். சகல புனிதர் திருநாளுக்குள்ள கொண்டு போயிடறேன். வருஷா வருஷம் அவளுக்குன்னு கட்டின வெறுங்கல்லறைக்கு வெள்ளையடிச்சு, மெழுகுவத்தி ஏத்திட்டு வரோம். கடல் கல்லறைத் தோட்டத்து வேலியத் தாண்டி வந்துடுச்சு. அடுத்த வருஷம் வெள்ளையடிக்கச் செவுரு இருக்காது.

— இத உங்ககிட்ட கொடுக்க முடியாதும்மா.

— அப்புறம் எதுக்கு என் சம்மதம்?

— மாதா கோயில்ல எங்க கேப்டன் கல்லறை இருக்கே…

— உங்க முப்பாட்டன். மேட்டுலேருந்து தோண்டின எலும்புக்கு நியூ ஆர்லியன்ஸ்லேருந்து ஆயர் வந்து, கொடி போத்தி, பளிங்குக்குள்ள படுக்க வச்சாரு. எங்க ஆளுங்க ரோட்டுல நின்னு பாத்தோம்.

— அவருக்கு மெழுகுல சிலை செய்யலாம்னு அந்தக் கல்லறையிலேருந்து ஒரு பல்லு எடுத்தேன். அவரேதானான்னு என் ரத்தத்தோட மரபணு ஒத்துப்பாக்க அனுப்பினேன். ரெண்டு எலும்பும் ஒரே மேட்டுல தோண்டினதுங்கறதால, இதுலேருந்தும் ஒண்ணு எடுத்தேன்.

— எங்களக் கேக்காம.

— கேக்காமத்தான். பளிங்குல இருக்கறது ஒரு பொண்ணு, ஒலெலியாம்மா. உங்க ஆளு. தோண்டின காலத்துலயே எங்காளுங்க பெட்டிய மாத்திட்டாங்க.

— அப்போ இது?

— கேப்டன். என் ரத்தத்தோட ஒத்துப்போச்சு.

— அவரத்தான் பாத்துக்கிட்டிருக்கேன். எவனோ மென்னு துப்பின சூயிங்கம் கண்ணாடியில ஒட்டியிருக்கு. இடுப்புக்கு நேரா.

— துடைக்கச் சொல்றேன்.

— இத்தன நாளும் அது உங்க கண்ணுல படல.

— சத்தமில்லாம மாத்திடலாம். உங்கவள நீங்க எடுத்துக்கங்க. எங்கவர நான் கொண்டு போயிப் படுக்க வைக்கிறேன்.

— எங்க கொண்டு போக, தம்பி? கடல் தின்னுற மண்ணுக்கா? அவ ஈரம் படாத இடத்துல இருக்கா. அவளுக்குப் பூசை நடக்குது. உங்க பொண்டாட்டி பூ வைக்கிறா, நானே பாத்திருக்கேன். நாங்க காலமெல்லாம் பாடுபட்டாலும் அப்படி ஒரு இடம் வாங்கித் தர முடியாது.

— அவரும் மனுஷன்தானேம்மா. இப்படித் துணிகூட இல்லாம, ஊரே வந்து எட்டிப் பாக்கற மாதிரி…

— உங்க மேசை முன்னாடி நின்னு நானும் இதத்தான் சொன்னேன்.

— தெரியாமப் பேசிட்டேன்.

— தெரிஞ்சுதான் பேசினீங்க. சரி, நடந்தத ஊருக்குச் சொல்லுங்க. ஆயருகிட்ட சொல்லுங்க. உங்க முப்பாட்டன தாராளமா எடுத்துக்கங்க.

— அத எப்படிச் சொல்வேன்? பழங்குடிப் பொண்ணுக்கா கொடி போத்தினோம்னு ஊரே என்னத் தின்னுடும்.

— அப்போ என் சம்மதமும் இல்ல.

— பலகையிலயாவது எழுத்த மாத்தறேன். ‘பழங்குடிப் பெண், பெயர் தெரியாது’ன்னு இவரு தலைமாட்டுல… காலையில அதத் தாண்டிப் போக முடியலம்மா.

— அதுல கை வைக்காதீங்க. சட்டம் இருக்கு.

— கெஞ்சிக் கேக்கறேன். நான் என்னதான் பண்ணணும்?

— மேல இருக்கற விளக்கக் கொஞ்சம் கூட்டி வைங்க, தம்பி. கேப்டன் மூஞ்சி சரியாத் தெரியல.