கடைசிச் சண்டைக்கு ஒன்பது நிமிடம்

இப்போது வருகிற சாகச வீடியோ கேம்களில் எனக்குப் பிடிக்காத ஒன்று, ஏற வேண்டிய பாறைக்கெல்லாம் மஞ்சள் சாயம் பூசி வைப்பது. ஆடுகிறவனுக்குக் கண் இருக்கிறது, புத்தி இருக்கிறது, கையைப் பிடித்து ஏற்றிவிட வேண்டியதில்லை. பன்னிரண்டு வருடமாக இப்படி விமர்சனம் எழுதிவருகிறேன். வாசகர்கள் எனக்குத் 'தராசு' என்று பெயர் வைத்திருக்கிறார்கள். நானாக வைத்துக்கொண்டதில்லை, அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

நீங்கள் கேட்டதால் சொல்கிறேன், எனக்கு விளையாட வராது. என் கண்ணுக்கும் விரலுக்கும் பேச்சுவார்த்தையே கிடையாது. முதல் ஆற்றைத் தாண்டுவதற்குள் ஏழு முறை செத்துப்போவேன். என் மனைவியின் தம்பிதான் ஆடுவான். நான் பின்னால் சோபாவில் நோட்டும் கையுமாக உட்கார்ந்திருப்பேன். சமைக்கத் தெரியாதவனுக்கு ருசி தெரியாதா என்ன?

முப்பது வயது, வேலை நிலைக்கவில்லை, எங்களோடுதான் இருந்தான். அவனுக்கு நான் ஒரு குறையும் வைக்கவில்லை. "மாமா, உங்க பேர்ல நான்தான் உலகத்தக் காப்பாத்திட்டு இருக்கேன்" என்று சிரிப்பான். எனக்கு அவன்மேல் உயிர்.

இரண்டு மாதத்துக்கு முன் அவனுக்கு வலிப்பு வந்தது. பளிச்பளிச்சென்று மின்னும் வெளிச்சம் ஆகாது, ஐந்து நிமிடத்துக்கு மேல் இழுத்தால் உயிருக்கே ஆபத்து, உடனே ஆம்புலன்ஸைக் கூப்பிடுங்கள் என்றார் மருத்துவர். மனைவி என்னைத் தனியாக அழைத்தாள். "என்னங்க, இனிமே அவன் கையில அதக் கொடுக்காதீங்க. எனக்குன்னு இருக்கறது அவன் ஒருத்தன்தான்." எனக்கும் கண் கலங்கிவிட்டது. சரி என்றேன்.

பிறகு இந்தப் புது ஆட்டம் வந்தது. மின்னலை ஆயுதமாக ஏந்திய ஒரு வீராங்கனையின் கதை. கடைக்கு வருவதற்குப் பத்து நாள் முன்னால் விமர்சகர்களுக்கு அனுப்புவார்கள். திங்கட்கிழமை ஐந்து மணிக்கு எல்லோருடைய விமர்சனமும் ஒன்றாக வெளியாகும். ஆறு மணிக்குப் போட்டால் யாரும் சீந்தமாட்டார்கள்.

"அக்காகிட்ட ஒரு வார்த்த கேட்டுக்கட்டுமா மாமா?" என்றான்.

"அவ ஆபீஸ்ல தலைக்கு மேல வேலையோட இருப்பா. இதுல மின்னல் கொஞ்சம்தான்."

தொடக்கத்தில் வலிப்பு பற்றிய எச்சரிக்கை திரையில் வந்தது. அப்போது அவன் சமையலறையில் எனக்கு டீ போட்டுக்கொண்டிருந்தான். பொத்தானை அழுத்தி அதைக் கடந்துவிட்டேன். மின்னலைக் குறைக்கும் வசதியும் இருந்தது. நான் அதைத் தொடவில்லை. உருவாக்கியவர் நினைத்தபடி பார்க்காமல் மதிப்பெண் போடுவது நேர்மையாகாது.

சனிக்கிழமை மதியம் கடைசி அரக்கனோடு சண்டை. அதில் அவன் நாற்காலியிலிருந்து சரிந்து விழுந்தான். கைகால் வெட்டி இழுத்தது. ஆட்டத்தை நிறுத்திவைக்க முடியாதா என்று நீங்கள் கேட்டது நியாயமான கேள்வி. முடியும். ஆனால் அந்தச் சண்டையின் அழகே அதன் வேகம்தான், நடுவில் நிறுத்தினால் செத்துவிடும். அரக்கனுக்கு உயிர் கொஞ்சம்தான் மிச்சமிருந்தது. என் கையாலேயே முடித்துவிடலாம் போலிருந்தது.

அவன் விரல்களைப் பிரித்துக் கன்ட்ரோலரை எடுப்பதுதான் சிரமமாக இருந்தது. தலைக்கு ஒரு தலையணை வைத்தேன், அதை மறக்காதீர்கள். அதற்குப் பிறகு ஒன்பது நிமிடம் ஆனது, ஆட்டத்தின் பதிவிலேயே நீங்கள் பார்த்திருப்பீர்கள். ஐந்தாவது நிமிடம் தாண்டியது எனக்குத் தெரியும். நேரம் திரையின் ஓரத்தில் ஓடிக்கொண்டே இருந்தது. அரக்கன் விழுந்தபோது வாழ்க்கையில் முதல்முறையாக எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. திரும்பிப் பார்த்தேன், அவன் அசையவில்லை. ஆம்புலன்ஸைக் கூப்பிட்டேன்.

ஆஸ்பத்திரி வராந்தாவில் மனைவி கேட்டாள், "அவன் விழுந்தப்ப நீங்க எங்க இருந்தீங்க?"

"பக்கத்துலயேதான் இருந்தேன்" என்றேன். அவள் என் தோளில் சாய்ந்து அழுதாள். நானும் அழுதேன்.

திங்கட்கிழமை சரியாக ஐந்து மணிக்கு விமர்சனம் வெளியானது. பத்துக்கு எட்டு. வலிப்பு எச்சரிக்கையைச் சுலபமாகத் தாண்டிவிட முடிகிறது என்பதற்காக ஒரு மதிப்பெண் குறைத்தேன். நீங்கள் என்னை என்ன வேண்டுமானாலும் சொல்லுங்கள். ஆனால் வாக்குமூலத்தில் இதை விட்டுவிடாதீர்கள்: கடைசிச் சண்டையைப் பற்றி அதில் நான் எழுதிய பத்தி முழுக்க, நானே விளையாடி எழுதியது.