இருபத்தாறு விளக்குகளை அணைத்த கதை

பெருமதிப்பிற்குரிய அவைத்தலைவர் இபு தெத்தி அவர்களே! பாண்டுங் நகரத்துக் கணினி விளையாட்டுக் கலைஞர்களே! முன்வரிசையை நிறைத்திருக்கும் பெரியோர்களே! ‘என் பிள்ளை வேலை பார்க்கிறதா, விளையாடுகிறதா’ என்று இன்றுவரை விளங்காவிட்டாலும் வேளை தவறாமல் சோறு போட்ட தாய்மார்களே! அனைவரையும் யுயுன் ஆகிய நான் கைகூப்பி வணங்குகிறேன்.

சிறந்த ஒளியமைப்புக்கான விருதை என் கையில் தந்தீர்கள். வாங்கிக்கொண்டேன். ஆனால் ஓர் உண்மையைச் சொல்லாமல் இறங்கினால் இன்று எனக்குச் சோறு இறங்காது.

எங்கள் விளையாட்டு எளியது. பங்கலேங்கான் மலையிலிருந்து முட்டைக்கோஸ் ஏற்றிய பிக்கப் வண்டியை, விடியற்கால மூடுபனியில் பாண்டுங் சந்தைக்கு இறக்க வேண்டும். அந்தப் பனி என் பொறுப்பு. பனியைப் படைத்தேன்! பள்ளத்தில் படுக்க வைத்தேன்! வளைவுகளில் வழிய விட்டேன்! கேம் எஞ்ஜினில் அடர்த்திக்கு ஓர் எண், உயரத்துக்கு ஓர் எண், அவ்வளவுதானே? விளையாடிப் பார்த்தவர்கள், ‘பாதை தெரியவில்லை’ என்றார்கள். என்ன செய்தேன்? விளக்கு வைத்தேன். அப்போதும் தெரியவில்லை என்றார்கள். என்ன செய்தேன்? இன்னொரு விளக்கு வைத்தேன்! கம்பத்துக்கு ஒன்று, கடைக்கு ஒன்று, வண்டியின் முகப்பு விளக்குக்கு இருமடங்கு ஒளி. மூன்று மாதத்தில் இருபத்தாறு விளக்குகள்!

திரை முழுக்கக் கஞ்சியைக் கொட்டியதுபோல் வெளுத்துவிட்டது. எங்கள் நிரலாளர் என்செப் எட்டிப் பார்த்தார். “யுயுன், இது பனியா, சுண்ணாம்பு அடிச்ச சுவரா?” என்றார். சிரியுங்கள், சிரியுங்கள்! அன்று நான் சிரிக்கவில்லை. திங்கட்கிழமை வெளியீட்டு நிறுவனத்து அம்மையார் வருகிறார். அவருக்குப் பிடிக்காவிட்டால் எங்கள் ஒன்பது பேரின் பட்டறைக்கும் பூட்டுதான். என்செப்பின் மனைவிக்கோ அப்போது ஏழாம் மாதம்.

வியாழன் நண்பகல். பட்டறைக்குக் கீழே இருக்கும் உணவுக்கடைக்குக் கோஸ் இறக்க வந்த ஓமோன் அண்ணனை, எங்கள் கங் ஓமோனை, என்செப் கையைப் பிடித்து மேலே இழுத்து வந்தார். பன்னிரண்டு வருடமாக அந்த மலைப்பாதையில் வண்டி ஓட்டுகிறவர். விளையாட்டுக்காக மேசையில் பொருத்தியிருந்த ஸ்டியரிங் முன்னால் உட்கார வைத்தோம்.

“நெங், தங்கச்சி, என்ன இவ்ளோ வெளிச்சம்? கல்யாண வீடா?”

“பாதை தெரியணும்ல கங்.”

“பனியில ஹை பீம் போட்டா பனிதான் தெரியும், பாதை எப்படித் தெரியும்? டிம் அடிக்கிற சுவிட்சு எங்க?”

அவர் விரல்கள் ஸ்டியரிங்கின் பின்னால் தேடுகின்றன. சுவிட்சு இல்லை! ஏன் இல்லை? அந்த மலைக்கு ஐம்பது முறை போயிருக்கிறோம். ஐம்பது முறையும் வாடகை வண்டியின் பின் இருக்கையில் உட்கார்ந்து பனியைப் படம் பிடித்தோம். ஒன்பது பேரில் ஒருவர்கூடப் பனியில் வண்டி ஓட்டியதில்லை! இரண்டாம் வளைவிலேயே கங் ஓமோன் பள்ளத்தில் விழுந்தார்.

“வண்டியப் பள்ளத்துல விட்டது நான் இல்ல நெங், உங்க லைட்டு” என்றார்.

எனக்குச் சுருக்கென்றது. “நீங்க கோஸப் பாருங்க, லைட்ட நான் பாத்துக்கிறேன்” என்றேன். அத்தனை பேர் முன்னால் சொன்னேன். அதனால் இத்தனை பேர் முன்னால் வெட்கப்படுகிறேன்.

மறுநாள் காலை, அவர் சொன்னது தவறு என்று காட்டத்தான் ஒரு விளக்கை அணைத்தேன். பிறகு இன்னொன்று. ஒவ்வொன்றும் நான் ஆசையாய் வைத்தது. இருபத்தாறையும் அணைத்து, முகப்பு விளக்கையும் தாழ்த்தினேன். தெரிந்தது ஐயா, தெரிந்தது! சாலையோர வெள்ளைக் கல் தெரிந்தது! கல்லுக்குப் பின்னால் புல் தெரிந்தது! புல்லுக்குப் பின்னால் பாதை திரும்புவது தெரிந்தது! கண்ணைத் துடைத்துக்கொண்டு கீழே ஓடினேன். அன்றும் கோஸ் இறக்க வந்திருந்த கங் ஓமோன், பொரித்த மீன் பாத்தாகோர் தின்றுகொண்டிருந்தார். மன்னிப்புக் கேட்டேன். “அது கெடக்கட்டும், சுவிட்சு வச்சாச்சா?” என்றார். அன்று மாலைக்குள் என்செப் வைத்துவிட்டார்.

திங்களன்று அம்மையார் ஓட்டினார். முதல் வளைவில் பனி வந்தது. யாரும் சொல்லவில்லை, அவராகவே வேகத்தைக் குறைத்தார், விளக்கைத் தாழ்த்தினார், மூச்சைப் பிடித்துக்கொண்டு திரும்பினார். சந்தைக்கு வந்து சேர்ந்ததும், “எப்போ வெளியிடலாம்?” என்றார். ஒன்பது பேரும் பிழைத்தோம். என்செப்பின் மகளுக்கு இப்போது பல் முளைக்கிறது.

நண்பர்களே, இந்த மன்றத்தில் எங்கோ கங் ஓமோன் உட்கார்ந்திருக்கிறார். எனக்குத் தெரியவில்லை. என் கண்ணெதிரே இவ்வளவு விளக்கு! விளக்குப் போடும் அண்ணா, என் மேல் விழும் வெளிச்சத்தைக் கொஞ்சம் தணியுங்கள். இன்னும். இன்னும் கொஞ்சம்.

இதோ! ஆறாவது வரிசை!

என்ன கங்? உரக்கச் சொல்லுங்கள்! “சீக்கிரம் முடிங்க நெங், கீழே கோஸ் வாடுது” என்கிறார்!

முடித்துவிட்டேன் கங். இனி எல்லோரும் உங்களையே பார்க்கட்டும். ஹதூர் நுஹுன், என் நன்றியெல்லாம் உங்களுக்கு. அவையோரே, உங்களுக்கு என் வணக்கம்!