லிசிக்குப் பக்கத்துக் குழி

இஞ்சி டீ எனக்கு ஒத்துக்கொள்வதில்லை, இன்ஸ்பெக்டர் அம்மா. அன்றைக்கும் சவரிநாதனிடம் அதைத்தான் சொன்னேன். "ஒரு நாள் குடிச்சா செத்துற மாட்டீங்க மாப்ளே" என்று சொல்லிவிட்டு, சின்ன இரும்பு உரலை எடுத்து இஞ்சி தட்ட உட்கார்ந்தார். சாதா டீ போட்டிருந்தால் உங்கள் மேஜையில் பாலித்தீன் பைக்குள் கிடக்கிற அந்த உலக்கை வெளியே வந்தே இருக்காது.

என் பெயர் சூசைமாணிக்கம். வயது எழுபத்து மூன்று, வீடு தென்னூர். சவரிநாதன் என் மனைவி லிசியின் அண்ணன். ஸ்ரீரங்கத்தில் மகள் பேட்ரிசியாவின் ஃபிளாட்டில் இருந்தார். லிசி போன தவக்காலத்தில் மாடிப்படியிலிருந்து விழுந்து இறந்தாள். அவள் அடிக்கடி விழுகிறவள். கை இரண்டு தடவை, விலா ஒரு தடவை. கவனம் போதாது.

எங்கள் அடக்கச் சங்கத்தில் முன்பு கல்லறைக் கணக்குக்கு ஒரு நோட்டுதான். ஒரே குழியை இரண்டு குடும்பத்துக்கு எழுதி வைத்து, ஒரே நாளில் இரண்டு பெட்டியும் வந்து, தூக்கி வந்தவர்கள் அடித்துக்கொண்டதில் மூன்றாவது குழி வெட்ட வேண்டியதாயிற்று. அதற்கப்புறம் கம்ப்யூட்டர் வேலை பார்க்கிற ஆஸ்டின் அந்த நோட்டை பிளாக்செயினில் ஏற்றினார். அதில் எழுதியதை யாரும் அழிக்க முடியாது. தலைவர் சவரிநாதன், செயலாளர் நான், அப்புறம் ஆஸ்டின். மூவரில் இருவர் அவரவர் போனில் ரகசிய எண்ணைத் தட்டிக் கையெழுத்து வைத்தால்தான் எதுவும் மாறும். யாருக்குக் கையெழுத்து அனுமதி உண்டு என்பதை மாற்றவும் அதே விதிதான். கையெழுத்துகளைச் சேர்த்து உள்ளே அனுப்ப ஒரு ஏஐ இருக்கிறது. தமிழில் சொன்னால் போதும். மரியாதை தெரிந்தது.

லிசிக்குப் பக்கத்துக் குழி சவரிநாதன் பெயரில் இருந்தது. அது என் பெயருக்கு வர வேண்டும். நான் ஸ்ரீரங்கத்துக்கு பஸ் ஏறியது அதற்காகத்தான்.

வெறுமனே மாற்றினால் அவரும் ஆஸ்டினும் சேர்ந்து மறுநாளே திருப்பிவிடுவார்கள். அதனால் முதலில் ஆஸ்டினின் அனுமதியை நீக்குவது, அப்புறம் குழி. அவர் வைக்க வேண்டியது இரண்டே கையெழுத்து. ஐந்து நிமிஷ வேலை. சவரிநாதன் மாட்டேன் என்றார். உலக்கையைக் கேட்டேன், கொடுத்தார்.

அவர் வாயில் துண்டை வைத்து, இடது கையை மேஜைமேல் அழுத்திப் பிடித்துக்கொண்டு சுண்டுவிரலில் தொடங்கினேன். வலது கையைத் தொடவில்லை. எண்ணைத் தட்ட அது வேண்டும். பொன்மலை ரயில்வே ஒர்க் ஷாப்பில் முப்பது வருஷம் இரும்பு தூக்கியவர் கை, சுலபத்தில் உடையவில்லை. மூன்றாவது விரலில் தலையாட்டினார்.

"ஆஸ்டின் அவர்களை நீக்கினால், இனி எந்த மாற்றத்துக்கும் உங்கள் இருவர் கையெழுத்தும் கட்டாயம். ஒருவர் இல்லாமல் போனால் எதையும் மாற்ற முடியாது. அனுப்பட்டுமா?" என்று ஏஐ கேட்டது. மூன்று தடவை கேட்டது. மூன்று தடவையும் அனுப்பு என்றேன். பதிவாகிவிட்டது.

அடுத்தது குழி. நான் கையெழுத்து வைத்துவிட்டு, அவர் தண்ணீர் குடிக்கட்டும் என்று துண்டை எடுத்தேன். அதுதான் நான் செய்த தவறு.

"அந்த இடத்த நான் கேட்டு வாங்கல மாப்ளே. லிசிதான் வந்து அழுதா. செத்தப்புறமாவது அவர் கை எம்மேல படக்கூடாது, உம் பக்கத்துல போட்டுரு அண்ணேன்னு சொன்னா. மிச்ச விரலையும் உடைச்சுக்கோங்க. இதுக்கு மட்டும் வைக்க மாட்டேன்."

புருஷன் பெண்டாட்டி விஷயத்தில் அடுத்தவர் பேசுவது எனக்குப் பிடிக்காது. நெற்றியில் அடித்தேன். முதல் அடியிலேயே உயிர் போயிருக்கும் என்று டாக்டர் எழுதியிருப்பதாகச் சொன்னீர்கள். எனக்கு அது தெரியாதே. நான் பதினொன்று வரை எண்ணினேன்.

அப்புறம் அவர் போனை எடுத்தேன். ஆறு இலக்க எண் கேட்டது. எண் அவர் தலைக்குள் இருந்தது. தலையின் நிலைமையை நீங்களே பார்த்தீர்கள்.

"சவரிநாதன் அவர்களின் கையெழுத்துக்காகக் காத்திருக்கிறேன். அவசரமில்லை" என்றது ஏஐ. இன்னும் காத்துக்கொண்டுதான் இருக்கிறது.

நேற்று அவரை லிசிக்குப் பக்கத்தில் அடக்கம் செய்துவிட்டார்கள் என்று கேள்விப்பட்டேன். பதிவில் அப்படித்தான் இருக்கிறதாம், மாற்ற ஆளில்லையாம். ஆஸ்டினும் முயன்று பார்த்தாராம். எனக்குக் கடைசி வரிசை, மதிலோரம்.

மாடிப்படியைப் பற்றியும் கேட்டீர்கள். அண்ணன் வீட்டுக்குப் போகிறேன் என்று பையோடு மேல்படியில் நின்றாள். நான் பையைத்தான் தள்ளினேன். பையோடு அவளும் போனாள். அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

கோர்ட்டில் சொல்லி அந்தக் குழியை மாற்ற வழி உண்டா என்று மட்டும் பாருங்கள். எனக்காகக் கேட்கவில்லை. நான் பக்கத்தில் இல்லாமல் லிசி என்ன பாடுபடுகிறாளோ. நாற்பத்தோரு வருஷம், ராத்திரி நான் எப்போது புரண்டு படுத்தாலும் அவள் கண் திறந்தேதான் இருக்கும். என்மேல் அவ்வளவு பாசம்.