சுருக்கத்தைக் காணோம்

– இன்னும் கொஞ்சம் அழுத்திச் சுருக்குங்க. நெத்தி பீங்கான் தட்டு மாதிரி இருக்கு.

– இதுக்கு மேல சுருக்கினா காது ரெண்டும் முன்னாடி வந்துடும்டி. கோடு விழுதா பாரு.

– விழுது. விட்டதும் ஓடிடுது.

– பத்து மணிக்கு ஃபோட்டோக்காரன் அடுத்த போஸ்டருக்குப் படம் எடுக்க வந்துடுவான். ரிட்டையர் ஆனப்புறம் எனக்குக் கெடச்ச ஒரே உத்தியோகம் இந்தச் சுருக்கம்தான். தோல் சுருக்கத்தைப் போக்கற கொலாஜன் பொடி விளம்பரத்துல, பொடி சாப்பிடறதுக்கு ‘முன்’னு போடற படத்துக்கு என்னை விட்டா ஆளே இல்லேன்னு கம்பெனி மேனேஜரே தன் வாயால சொன்னாரு. இப்ப மூஞ்சியில அதைக் காணோம்னா என்ன சொல்ல? திருட்டுப் போயிடுச்சுன்னா?

– என் தம்பி ஒரு மாசம் தங்குறதுக்கு வர்றான்னு நெனச்சுக்கோங்க.

– ம்... நெனச்சுட்டேன்.

– அட, நல்லா மூணு கோடு!

– நிக்குதா?

– போயிடுச்சுங்க. அவன்கூட இவ்வளவு சீக்கிரம் கெளம்பினதில்லை.

– சிரிக்காதே. எனக்கு ஒண்ணு புரியலை, கேக்குறியா? மாடி ஏறினா முட்டி சத்தம் போட மாட்டேங்குது. நகம் வெட்ட வெட்ட வளருது. ஏப்பம் விட்டா மீன் வாடை. நாம மீன் வாங்கியே எத்தனை நாளாச்சு! ஏன் தலையைத் திருப்பிக்கறே? ஏய், இங்க பாரு.

– அடுப்புல பால் இருக்கு.

– பால் கெடக்கட்டும். கம்பெனிக்காரன் இனாமாக் குடுத்த டப்பால்லாம் பரண்லதானே வச்சேன்? தூக்கினா காத்தா இருக்கே!

– சரி. காபியில கலந்தேன். போதுமா?

– அடிப்பாவி! மீன் தோல்ல செஞ்ச பொடியை என் காபியிலயா?

– பின்ன, பக்கத்து வீட்டுக்காரர் காபியிலயா?

– ‘முன்’ ஆளு அந்தப் பொடியைத் தொடவே கூடாதுன்னு படிச்சுப் படிச்சு சொன்னாங்களேடி! வீணாப் போகுதேன்னு இருந்தா நீ குடிச்சிருக்கலாமே?

– நல்லா இருக்கே! முன்னப்பின்ன தெரியாத பொடி. உடம்புக்கு ஒண்ணு கெடக்க ஒண்ணு ஆயிட்டா?

– எனக்கு ஆனா?

– ஆகட்டும்னுதானே குடுத்தேன்.

– தெரியும். எல்லாம் அந்தப் ‘பின்’ பயலாலதான்.

– யாரு?

– நடிக்காதே. போஸ்டர்ல என் பக்கத்துல நிக்கறானே, உரிச்ச முட்டையாட்டம். பஸ் ஸ்டாப்புல ஒட்டின போஸ்டர்ல நீ அவனைப் பார்த்துச் சிரிச்சதை பஸ்ஸுக்குள்ள இருந்து நான் பார்த்தேன். ஒரு தடவை இல்லை, பல தடவை. என்னையும் அவனாட்டம் ஆக்கிப் பார்க்கணும்னு உனக்கு ஆசை.

– ஆசையா? உங்க படத்துக்குக் கீழ என்ன எழுதியிருக்குன்னு படிச்சீங்களா? ‘இந்த முகமா வேணும்?’ தையல் கடைக்குப் போக நான் தினம் அங்கதான் நிக்கறேன். ஒரு நாள் ரெண்டு பொண்ணுங்க, ‘இந்தாளைக் கட்டினவ பாவம்டி’ன்னு சிரிச்சுதுங்க. நான் பக்கத்துலயே நிக்கறேன். எனக்கு வேணுங்க இந்த முகம். அதை ஊர் பூரா ஒட்டி வேண்டாம் வேண்டாம்னா எப்படி இருக்கும்? சுருக்கம் போனா உங்களை விட்டுடுவாங்க, போஸ்டரைக் கிழிச்சுடுவாங்கன்னுதான் கலந்தேன்.

– முகம் வேணும்னு முகத்தையே அழிச்சியா? மூட்டைப்பூச்சிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்தின கதையால்ல இருக்கு!

– கோவத்துல அதெல்லாம் தோணலை.

– அது போகட்டும். அவனைப் பார்த்து ஏன் சிரிச்சே? அதுக்குப் பதில் சொல்லு.

– சொன்னா நீங்க தாங்க மாட்டீங்க.

– தோல்தான் இறுகிக் கெடக்கே, எல்லாம் தாங்கும். யாரவன்?

– ஃபோட்டோக்காரர் முதல் தடவை வந்தப்ப நீங்க குளிச்சிட்டிருந்தீங்க. ‘பின்’ படத்துக்குத் தோதா ஆள் அமையலைன்னு பொலம்பினாரு.

– அதுக்கு நீ ஆள் பிடிச்சுக் குடுத்தியா! எங்க பிடிச்சே? எவ்வளவு நாளாப் பழக்கம்?

– முப்பத்தஞ்சு வருசமா.

– என்னது!

– கத்தாதீங்க, வாசல்ல ஃபோட்டோக்காரர் வண்டி சத்தம் கேக்குது. நம்ம கல்யாண ஆல்பத்துல இருந்து ஒரு ஃபோட்டோவை உருவிக் குடுத்தேன். மீசையை மட்டும் அழிச்சுட்டாரு. முன்னாடி எடுத்தது ‘பின்’, பின்னாடி எடுத்தது ‘முன்’. ரெண்டு பேருமே நீங்கதாங்க.