வாசகியின் முகவரி

தைபேயில் இந்த மாதம் எதுவும் காய்வதில்லை, ஃபாங் மேடம். உங்கள் போலீஸ் மழைக்கோட்டைக் கழற்றி அந்த நாற்காலியில் போடுங்கள். தேநீர் கொதிக்கட்டும். உங்களுக்குத் தெரிய வேண்டியதைச் சொல்லிவிடுகிறேன்.

பல வருடங்களாக நான் வலைப்பூ எழுதுகிறேன். கைபேசி நம்மை எப்படி வேவு பார்க்கிறது, அரசாங்கம் குடிமகனிடம் எதைக் கேட்கக் கூடாது என்பது போன்ற விஷயங்கள். ஒரு காலத்தில் பின்னூட்டங்களுக்குப் பதில் எழுதியே விரல் நோகும். பிறகு எல்லோரும் காணொளி பார்க்கப் போய்விட்டார்கள். யீ-ஷுவான் என்ற ஒரு வாசகி மட்டும் இருந்தாள்.

அவள் கணவன் ஜின்-தே அடிப்பான். எங்கே ஓடினாலும் கண்டுபிடித்துவிடுவான். அவளுடைய கைபேசியில் ஒளிந்திருந்த செயலியை நீக்கவும், தடயமில்லாமல் வீட்டை விட்டுப் போகவும் நான்தான் சொல்லிக்கொடுத்தேன். பக்கத்துத் துறைமுக ஊரான கீலுங்கில் ஒரு காலை உணவுக் கடையில் அவளுக்கு வேலை கிடைத்தது. ஒருநாள் பார்க்கப் போனேன். உடைந்த முன்பல்லைக் கையால் மறைத்துக்கொண்டு சிரித்தாள்.

“புது நம்பரை உங்களுக்கு மட்டும்தான் குடுத்திருக்கேன் அண்ணே. மத்த கணக்கையெல்லாம் மூடிட்டேன். இனிமே நெட்டு பக்கமே வரமாட்டேன்.”

“என் பதிவு?”

“அதுவும்தான். நீங்க பயமுறுத்தி எழுதுறதைப் படிச்சா சோயாப்பால் கூட இறங்க மாட்டேங்குது,” என்றாள். “கோவிச்சுக்காதீங்க.”

நான் கோபித்துக்கொள்ளவில்லை. நான் சொன்னதைத்தானே செய்தாள். ஆனால் அதற்குப் பிறகு எழுதியவற்றின் கீழே ஒரு வரிகூட வரவில்லை. யாருமில்லாத அறையில் பேசுவது எவ்வளவு அலுப்பு என்பது உங்களுக்குத் தெரிந்திருக்காது.

அவளுடைய பழைய பின்னூட்டங்களைத் தேடிப் பிடித்து ஜின்-தே என் தளத்துக்கு வந்தான். முதல் பதிவிலிருந்து வரிசையாகப் படித்தான். நல்ல கேள்விகள் கேட்டான். போன வாரம் அன்னாசி கேக் வாங்கிக்கொண்டு வீட்டுக்கே வந்தான்.

“சார், இப்போ உங்க எழுத்துதான் எனக்குத் துணை. அவ எங்க இருக்கான்னு மட்டும் சொல்லுங்க.”

“பாத்து என்ன பண்ணப் போற?”

“இனிமே எங்கயும் ஓட முடியாதபடி முடிச்சிடணும் சார்.”

குரலை உயர்த்தாமல்தான் சொன்னான். பையில் என்ன இருக்கிறது என்று நான் கேட்கவில்லை. கத்தியின் கைப்பிடி வெளியே தெரிந்தது. கடையின் பெயரையும் அது எந்தச் சந்து என்பதையும் சொன்னேன். என் அடுத்த பதிவையும் கட்டாயம் படிப்பதாகச் சொல்லிவிட்டு, குடையை விரித்துக்கொண்டு போனான்.

அவன் பேருந்தில் கீலுங் போய்ச் சேர்ந்து அவளைக் கொல்லும்வரை நேரம் இருந்தது. அவளுடைய எண் என்னிடம் இருந்தது. ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே என்று கேட்கிறீர்கள். நியாயமான கேள்விதான், மேடம். ஆனால் அவன் என்னை நம்பித் தனியாகச் சொன்ன விஷயம் அது. ஒருவருடைய அந்தரங்கத்தை இன்னொருவரிடம் சொல்லும் பழக்கம் எனக்கில்லை.