இரண்டாவது சிலிண்டர்

நவம்பர் 12, புதன். நேற்றைய குறிப்பில் ஒரு பிழை. சிலிண்டர்களை என்ஜினின் பின்பக்கத்திலிருந்து எண்ணிவிட்டேன். பெல்ட் இருக்கும் பக்கத்திலிருந்துதான் எண்ண வேண்டும். சத்தம் வருவது மூன்றாவதில் அல்ல, இரண்டாவதில். இன்று மாலை மெக்கானிக் வகுப்புக்குப் போகவில்லை. டத்தோ கெராமட் பிளாட்டின் கீழே, தனேஷ் அண்ணனின் பழைய டீசல் காரை மறுபடியும் பார்த்தேன். பேசியதைப் பேசியபடியே எழுதி வைக்கிறேன்.

தனேஷ்: …அதெல்லாம் டீசல் சத்தம்லா. இருபத்திரண்டு வருஷத்துக் கார். பாட்டா பாடும்?

காமினி: டீசல் சத்தம் ஒரே சீரா கடகடன்னு வரும். இது நடுவுல டொக்… டொக்குனு தனியா தட்டுது. கேளு.

தனேஷ்: நேத்து மூணாவதுன்ன. இன்னிக்கு ரெண்டாவதுங்கிற. நாளைக்குப் பின்னால சாமான் வைக்கிற பூட்ல தட்டுதும்ப.

காமினி: தப்பா எண்ணிட்டேன்னு சொன்னேன்ல…

தனேஷ்: சரிங்க டீச்சர். சீக்கிரம் பாரு. காலைல ஒம்பதுக்கு நான் ஜுருல, குமுதாவோட அம்மா வீட்ல இருக்கணும். பதினொன்னே முக்காலுக்குள்ள பாப்பாவ நம்ம வீட்டுக்குள்ள கொண்டாந்துரணும்னு மாமி நேரம் குறிச்சுட்டாங்க. பொறந்து முப்பது நாள் முடிஞ்சு மொத தடவ வருது…

காமினி: அதான் பயமா இருக்கு. கடல் பாலத்து நடுவுல நின்னுட்டா? பின்னால கண்டெய்னர் லோரி வந்தா…

தனேஷ்: வாயக் கழுவு!

காமினி: உள்ள பிஸ்டன் ராடு ஒடஞ்சா சொல்லிட்டு ஒடையாதுண்ணே.

தனேஷ்: போதும். இப்ப என்ன செய்யணும், அதச் சொல்லு.

காமினி: இன்ஜெக்டர் குழாய் நட்ட ஒவ்வொண்ணா லூசாக்கணும். அந்த சிலிண்டருக்கு டீசல் போகாது. எத லூசாக்குனா தட்டுறது சுத்தமா நிக்குதோ, அங்க இன்ஜெக்டர் கோளாறு. மெதுவா ஓட்டிட்டுப் போயிரலாம். நிக்கலன்னா…

தனேஷ்: நிக்கலன்னா?

காமினி: கோளாறு கீழ. ராடு, பேரிங்கு. கார எடுக்கவே கூடாது. மெக்கானிக் ஹக்கீம் தன் பெங்கெல்ல லிஃப்ட்ல ஏத்திப் பார்த்தா ஒரு நிமிஷத்துல சொல்லிருவாரு. ரெண்டு நாளா சொல்றேன்.

தனேஷ்: ஹக்கீம் என் மாமனாரோட கூட்டாளி. இன்னிக்குச் சொன்னா இன்னிக்கே ஜுருவுக்குச் சேதி போயிரும். நீயே பாரு.

காமினி: போனா என்ன?

தனேஷ்: பாருன்னா பாரேன்லா!

காமினி: மூஞ்சியத் தள்ளு, டீசல் பீச்சும். துணியப் போட்டுக்கிறேன்… மொதக் குழாய். மாத்தம் இல்ல.

தனேஷ்: அந்த நீள ஸ்க்ரூட்ரைவரக் காதுல வச்சா நெசமாவே கேக்குதா?

காமினி: பேசாத. இறுக்கிட்டேன். ரெண்டாவது…

தனேஷ்: என்ன ஆச்சு? சொல்லு. ஃபேன் சத்தத்துல எனக்கு ஒண்ணும் கேக்கல… போயிருச்சா?

காமினி: …போயிருச்சுண்ணே.

தனேஷ்: அப்பாடா! இன்ஜெக்டர்தானே! இரு, குமுதாவுக்குப் போன் போடுறேன். நேத்தெல்லாம் தூங்கலையாம் அவ.

காமினி: ஏண்ணே… இந்த ஏர் ஃபில்டர எப்ப மாத்துன?

தனேஷ்: எந்த ஃபில்டர்?

காமினி: இது. மத்ததெல்லாம் கரி புடிச்சுக் கெடக்கு, இது மட்டும் புத்தம் புதுசா இருக்கு. பெட்டி ஓரத்துல சேறு வேற.

தனேஷ்: சர்வீஸ்ல மாத்துனது.

காமினி: யாரு மாத்துனா?

தனேஷ்: நான்தான். ஏன், எனக்கு மாத்தத் தெரியாதா?

காமினி: வைப்பர் மாத்தவே என்னத்தான் கூப்புடுவ.

தனேஷ்: போன் அடிக்குது. சும்மா இரு.

காமினி: வைண்ணே… வச்சிரு! நான் பொய் சொன்னேன்.

தனேஷ்: வச்சுட்டேன். என்ன பொய்?

காமினி: ரெண்டாவதுல சத்தம் கொறஞ்சுச்சு. நிக்கல. ஒன் மூஞ்சியப் பார்த்தேன்… நேத்தும் தப்பாச் சொன்னேன், இன்னிக்கும் என் காதுதான் தப்போன்னு நெனச்சு, போயிருச்சுன்னுட்டேன். உள்ள தண்ணி இழுத்தா ராடு வளைஞ்சு இப்படித்தான் தட்டும்னு கிளாஸ்ல சொன்னாங்க. அண்ணே… கார தண்ணியில விட்டியா?

தனேஷ்: …விட்டேன். மூணு வாரம் முந்தி, புக்கிட் தெங்கா வெள்ளத்துல. நடுவுல நின்னுருச்சு. மூணு தடவ சாவியத் திருப்புனேன்… தண்ணி ஏறுது, கதவு தெறக்கல. பின் சீட்ல குமுதா பாப்பாவத் தலைக்கு மேல தூக்கிப் புடிச்சுக்கிட்டு இருந்தா. கிளினிக்ல பாப்பாவுக்கு மஞ்சக் காமாலை பார்த்துட்டு வந்தோம்மா. யாரோ நாலு பேரு மேட்டுக்குத் தள்ளி விட்டாங்க. அங்க வந்துதான் ஸ்டார்ட் ஆச்சு, அப்ப இருந்து தட்டுது. ஃபில்டர் நனஞ்சு போச்சுன்னுதான் மாத்துனேன். இந்த வழி வேணாங்கன்னு அவ சொன்னா… நான்தான் போலாம்னேன். யார்கிட்டயும் சொல்லாதன்னும் நான்தான் சொன்னேன்.

நாளை, வியாழன்: காரை ஸ்டார்ட் செய்யக் கூடாது. காலை எட்டு மணிக்கு வாடகைக் காரில் அண்ணனுடன் ஜுருவுக்குப் போய், அண்ணியையும் பாப்பாவையும் அழைத்து வர வேண்டும்.