தம்பி காட்டுக்குப் போனான்

— அரே, காலை அசைக்காதே குழந்தைவேலு! தையல் பிரிஞ்சா மறுபடி நாந்தானே போடணும்.

— சரிங்க அக்கா. வாசல்ல நிக்கிற போலீஸ்காரர் என்னங்க சொல்றாரு?

— உனக்கு ஹிந்தி தெரியாது, அவனுக்குத் தமிழ் தெரியாது. 'சந்திரமதி சிஸ்டர், நீங்களே கேட்டுச் சொல்லுங்க'ங்கிறான். பர்மாவுலேருந்து அந்தமான்ல இந்த மாயாபந்தர் வரைக்கும் கடலட்டை திருட ஏன் வந்தேன்னு எழுதணுமாம்.

— வயித்துக்குத்தாங்க.

— அரே, அத மட்டும் சொன்னா ஜெயில்ல போட்டு, அப்புறம் திருப்பி அனுப்பிடுவாங்க. அங்க போனா பட்டாளத்துல இழுத்துப் போட்டுருவாங்கன்னு நேத்து அழுதியே? எல்லாத்தையும் சொல்லு. பக்கத்து ஊரு ரங்கத்ல எனக்குத் தெரிஞ்ச வக்கீல் இருக்காரு.

— என்னத்தங்க சொல்றது. மோல்மேன் டவுன் பக்கத்துல ஒரு அரிசி மில்லு. நானும் தம்பி வெங்கடேசும் அங்கதான் வேலை. ராணுவம் ஆட்சியைப் புடிச்சப்புறம் கரண்டு இல்ல, டீசல் இல்ல. மில்லை மூடிட்டாங்க. தம்பி ஊர்வலத்துல போனான். மூணு மாசம் உள்ள வெச்சிருந்து, ஒரு காது கேக்காமத்தான் அனுப்புனாங்க.

— ஹே ராம்!

— அப்புறம் வயசுப் பயலுக எல்லாம் பட்டாளத்துக்கு வரணும்னு ஆர்டர் வந்துச்சு. அன்னைக்கே தம்பி காட்டுக்குப் போயி போராளிங்களோட சேந்துட்டான். அங்க ரெண்டு வேளை சோறு, கையில துப்பாக்கி. "இனிமே எவனும் என்னை அடிக்க முடியாதுண்ணே"ன்னான்.

— யாரைச் சுட்டான்?

— சுடலைங்க. டவுன் ஆபீசுல குண்டு வெச்சான். பெரிய அதிகாரி வர்ற நாளுன்னு நெனச்சு. அவரு வரலை. வரிசையில நின்ன ஆறு பேரு செத்தாங்க.

— அய்யோ. யாரெல்லாம்?

— எம் பொண்டாட்டி ரூபாவும் ஒருத்திங்க. என்னைப் பட்டாளத்துக்கு எடுக்க வேணாம்னு மனு குடுக்கப் போயிருந்தா.

— இந்தா, தண்ணி குடி. மெதுவா.

— அவ அங்க நிப்பான்னு அவனுக்குத் தெரியாதுங்க. ரப்பர் தோட்டத்துல ஒளிஞ்சிருக்கான்னு அம்மா எங்கிட்ட ரகசியமாச் சொல்லுச்சு. போனேன். காலைக் கட்டிக்கிட்டான். 'அண்ணி'ங்கிற வார்த்தையே அவனுக்கு வாயில வரலை.

— இப்ப எங்க இருக்கான்?

— இல்லைங்க. மறுநாளே பட்டாளம் வந்து சுட்டுருச்சு. நான் படகேறிட்டேன்.

— பாவம்யா நீ. இந்தா, என் போன். உயிரோட இருக்கேன்னு அம்மாகிட்ட ஒரு வார்த்தை சொல்லு.

— வேணாங்க அக்கா.

— அரே, ஒரு புள்ளையைப் பறிகுடுத்தவ தவிச்சுக்கிட்டிருப்பா!

— போன் எடுத்தா அம்மா ஒண்ணே ஒண்ணைத்தாங்க கேக்கும். தம்பியை யாரு காட்டிக்குடுத்தான்னு வீடு வீடாப் போயி விசாரிச்சுக்கிட்டிருக்காம், எங்கூடப் படகுல வந்த ஊர்க்காரன் சொன்னான்.

— விசாரிக்கட்டுமே. உனக்கென்ன?

— பட்டாளத்துக்கு வழி காட்டிக்கிட்டு முன்னால நடந்தது நாந்தாங்க அக்கா.